ஆன்கி செயலி: ஐந்து வருஷம் ஓட்டிப் பார்த்தவளின் விமர்சனம்

செல்லுக்குள் சக்தி உண்டாகும் கிரெப்ஸ் சைக்கிளை மூன்று தடவை மனப்பாடம் செய்து மூன்று தடவையும் மறந்தவள் நான். இன்டர்னல், மாடல், யுனிவர்சிட்டி என்று ஒவ்வொரு பரீட்சைக்கும் முந்தின ராத்திரி எழுதி எழுதிப் பார்ப்பேன். ஹாலை விட்டு வெளியே வரும்போதே பாதி போயிருக்கும். எம்பிபிஎஸ் முதல் வருஷம் பாதியில் ரூம்மேட்தான் ஆன்கி என்கிற கேள்வி-பதில் கார்டு செயலியை என் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தாள். ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று அர்த்தமாம். தமிழில் 'அங்கி' என்று எழுதினால் வெள்ளைக் கோட்டு ஆகிவிடும், அதுவும் பொருத்தம்தான்.

கார்டின் ஒரு பக்கம் கேள்வி. மனசுக்குள் பதில் சொல்லிவிட்டுத் திருப்ப வேண்டும். தெரிந்ததா, திணறினோமா என்று நாமே பட்டனை அழுத்த, அடுத்து எப்போது கேட்பது என்பதை அது கணக்குப் போடும். சரியாகச் சொல்லச் சொல்ல நாள் வாரமாகும், வாரம் மாசமாகும். மறக்கப் போகிற நேரம் பார்த்துக் கேட்பதுதான் சூட்சுமம். அடுத்த நாளைக் கணிக்க 2023-இல் சேர்ந்த எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதுக் கணக்கில் எத்தனை சதவீதம் நினைவிருக்க வேண்டும் என்று நாமே வைக்கலாம். முதலிலேயே இருக்கும் 90-ஐ மாற்றாதீர்கள். ஆசைப்பட்டு 97 வைத்தால் கார்டு குவியும், சாப்பிட நேரம் இருக்காது.

நான் செய்த முட்டாள்தனம் வேறு. அமெரிக்கத் தேர்வுக்காக யாரோ செய்த, இருபதாயிரம் கார்டுக்கும் மேல் உள்ள டெக்கை, அதாவது கார்டுக் கட்டை, இறக்கினேன். ஒரு நாளைக்கு 200 என்றிருந்த வரம்பையும் நானே தூக்கினேன். தீபாவளிக்குப் பத்து நாள் ஊருக்குப் போய் வந்து திறந்தால் 1,140 கார்டு காத்திருக்கிறது! படிக்காத பாடத்தின் கார்டு வெறும் விடுகதை. மொத்தத்தையும் அழித்தேன். அப்புறம் படித்து முடித்ததை மட்டும், கார்டுக்கு ஒரே விஷயமாக, நானே எழுதினேன். கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்ஸஸ் படத்தில் பெயர்களை மறைத்துக் கேட்கவைக்கும் வசதி ஒன்றுக்காகவே இதை வைத்துக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனில் 24.99 டாலர், பிரவுசரில் காசில்லாமல் ஓட்டலாம். அழகை எதிர்பார்க்காதீர்கள், ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்கும்.

போன மாசம் ஆர்த்தோ ஓபியில், அதாவது எலும்புப் பிரிவின் வெளிநோயாளிகள் பகுதியில், ஒரு கொத்தனார். நாற்காலி முதுகில் கையைத் தொங்கப்போட்டபடி தூங்கி எழுந்தவருக்கு மணிக்கட்டு தொங்கிவிட்டது. "புறங்கையைத் தூக்குங்க அண்ணாச்சி" என்றேன், வரவில்லை. மணிக்கட்டை நிமிர்த்தும் ரேடியல் நரம்பு அழுந்தியிருக்கிறது. அந்தக் கார்டைக் கடைசியாகப் பார்த்து ஏழு மாசம் இருக்கும். கூடவே இன்னொரு கார்டும் ஞாபகம் வந்தது: 'மணிக்கட்டு தொங்கினால் பிடி ஏன் தளர்கிறது?' விரல் மடக்கும் தசைகளுக்கு வேறு நரம்பு, அவை நன்றாகத்தான் இருக்கும். மணிக்கட்டு நிமிராததால் அவை ஏற்கெனவே தளர்ந்து கிடக்கும், இறுக்கி இழுக்க நீளம் போதாது. அவர் மணிக்கட்டை என் கையால் நிமிர்த்திப் பிடித்து, "இப்போ என் விரலை இறுக்குங்க" என்றேன். இறுக்கினார். அவருக்கே ஆச்சரியம்.

"அப்போ சாந்துக் கரண்டி எப்ப பிடிக்கலாம் டாக்டரம்மா?"

என் கார்டு எதிலும் அது இல்லை. மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கும் காக்-அப் ஸ்பிளின்ட் போட்டுக்கொண்டே சீனியர்தான் பதில் சொன்னார்: அழுத்தத்தால் வந்ததுதான், பெரும்பாலும் சில வாரத்திலிருந்து சில மாசத்துக்குள் தானாகத் திரும்பும். அன்று ராத்திரி புதுசாக ஒரு கார்டு போட்டேன். முன்பக்கத்தில் அண்ணாச்சி கேட்டதை அப்படியே எழுதினேன்.