டர்ட் ராலி 2.0: காருக்குக் கொடுத்த காசும் சாலைக்குக் கொடுத்த காசும்

டர்ட் ராலி 2.0 என்ற கார் பந்தய வீடியோ கேமை வாங்கிய முதல் மாதம் முழுக்க நான் ஒரு பந்தயத்தைக்கூட உருப்படியாக முடிக்கவில்லை. அர்ஜென்டினாவின் கட்டமார்க்கா மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். நடுவில் கார் நுழையும் அளவுக்குத்தான் மண் ரோடு. தவறினால் பின்னால் சுற்றிவிட்டுத் திருத்திக்கொள்ளும் வசதியெல்லாம் கிடையாது. விழுந்தால் விழுந்ததுதான்.

கேம் நிறுவனமான கோட்மாஸ்டர்ஸ் இதை வெளியிட்டது 2019 பிப்ரவரியில். நான் சில வருடங்களாக விட்டு விட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய ஸ்டீயரிங் செட் ஒன்றை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் மாட்டினேன். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பெடல் டைல்ஸில் வழுக்கிக்கொண்டு ஓடும். கடைசியில் சுவரோடு ஒட்டிவைத்து, பின்னால் ஒரு பழைய தலையணையைத் திணித்த பிறகுதான் அடங்கியது.

இந்த விளையாட்டைக் கண்ணைவிடக் காதால்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பக்கத்து இருக்கையில் வழி சொல்லிக்கொண்டு வருகிற குரல் ஃபில் மில்ஸுடையது. 2003-இல் நார்வே ஓட்டுநர் பெட்டர் சோல்பெர்க் ராலியில் உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு நிஜமாகவே வழி சொன்னவர். வளைவுகளுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண். ஆறு என்றால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கத் தேவையில்லை, ஒன்று என்றால் ஏறக்குறைய நின்று திரும்பு. ‘டோன்ட் கட்’ என்றால் உள்பக்கம் கல்லோ பள்ளமோ காத்திருக்கிறது. ஒருநாள் என் அக்கா மகன் வந்து நின்று, “யாரு மாமா அது, உங்களை விடாம அதட்டிக்கிட்டே இருக்காரு?” என்று கேட்டான். அந்த அதட்டலை நம்பப் பழக எனக்கு மூன்று மாதம் ஆனது.

சரி, கூடுதல் கட்டண உள்ளடக்கத்துக்கு வருகிறேன். அடிப்படை விளையாட்டில் ஆறு ராலி இடங்கள்: நியூசிலாந்து, அர்ஜென்டினா, ஸ்பெயின், போலந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா. அதற்குப் பிறகு சீசன் சீசனாக மான்டே கார்லோ, ஸ்வீடன், ஜெர்மனி, வேல்ஸ், கிரீஸ், ஃபின்லாந்து ஆகியவை கார்களோடு சேர்ந்து விற்பனைக்கு வந்தன. பின்னால் வந்த இந்த ஆறும் 2015-இல் வந்த முதல் டர்ட் ராலியில் இருந்தவை. ஏற்கெனவே ஓட்டிய சாலைக்கு இன்னொரு தரம் காசா என்று அப்போது பலருக்கும் முகம் சுளித்தது. நான் முதல் பாகம் ஆடியதில்லை, அதனால் எனக்கு உறுத்தவில்லை. ஆடியவர்களின் கோபம் நியாயம்தான்.

ஓர் இடத்துக்குப் பன்னிரண்டு பாதைகள் என்று கணக்குச் சொன்னாலும் அடியில் இருப்பவை இரண்டே நீளமான பாதைகள். அவற்றையே பாதியாக வெட்டியும் எதிர்த்திசையில் திருப்பியும் பன்னிரண்டு ஆக்கியிருக்கிறார்கள். படிக்கும்போது ஏமாற்று வேலை போலத் தெரியும். ஓட்டிப் பார்த்தால் ஏற்றம் இறக்கமாகிவிடுகிறது, தெரிந்த வளைவு தெரியாத வளைவாகிவிடுகிறது.

ஃபின்லாந்துக்குக் கொடுத்த காசு எனக்கு முழுதாகத் திரும்பி வந்துவிட்டது. நீளமான பாதை ஏறத்தாழ 16 கிலோமீட்டர். மேடுக்கு மேடு கார் காற்றில் போகும். தரையை விடுவதற்கு முன்பே காரை நேராக்கிவிட வேண்டும், பறந்த பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பி ஒரு பயனும் இல்லை. மான்டே கார்லோ வேறு மாதிரி. ஒரே பாதையில் உலர்ந்த தார், ஈரம், பனிக்கட்டி மூன்றும் வரும், எந்த டயர் போட்டாலும் ஏதோ ஓரிடத்தில் அது தப்பான டயர்தான். ஜெர்மனி எனக்கு ஒட்டவில்லை.

கார்களுக்காக மட்டும் வாங்கியவை பெரும்பாலும் கராஜிலேயே தூங்குகின்றன. புது கார் வந்த வாரம் ஓட்டுவேன், அப்புறம் கை தானாகப் பழைய இத்தாலியக் காரான லான்சியா ஃபுல்வியாவுக்குத்தான் போகும். புதிதாக வருகிறவர்களும் அதிலேயே தொடங்கலாம். வேகம் குறைவு, ஆனால் வளைவில் காரின் எடையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எப்படி மாற்றுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும்.

இன்று வாங்குவதானால் தனித்தனியாகச் சேர்க்கவே வேண்டாம். 2020 மார்ச்சில் வந்த கேம் ஆஃப் தி இயர் பதிப்பில் நான்கு சீசன்களும், ஸ்காட்லாந்து ராலி ஓட்டுநர் கொலின் மெக்ரே பெயரில் வந்த ‘கொலின் மெக்ரே ஃபிளாட் அவுட்’ தொகுப்பும் அடக்கம். தள்ளுபடிக்குக் காத்திருந்து அதையே எடுங்கள். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: சொந்த அணி வைத்து நடத்தும் பகுதி இணையத் தொடர்பு இல்லாமல் ஓடாது. எங்கள் தெருவில் நெட் போனால் அன்றைக்கு நான் நேரத்தை மட்டும் எதிர்த்து ஓட்டும் டைம் ட்ரயலோடு நிறுத்திக்கொள்வேன்.

மெக்ரே தொகுப்பில் ஸ்காட்லாந்தின் ஈர மண்பாதைகளும் இரண்டு சுபாரு கார்களும், அவருடைய வாழ்க்கையைத் தொட்டுச் செல்லும் 40 சவால்களும் இருக்கின்றன. 1993-இல் நியூசிலாந்தில் அவர் முதல் உலக ராலியை வென்றது சுபாருவின் லெகசி காரில். அந்தக் காரை இதில் நாமும் ஓட்டலாம். பின்பக்கத்தைச் சறுக்கவிட்டே திருப்ப வேண்டிய கார், என் கைக்கு இன்னும் பிடிபடவில்லை. நாற்பதில் ஏழு பாக்கி இருக்கிறது.