1926 மனநல உதவி லைன், எங்கட வீட்டு அனுபவம்

2021 கொரோனா நேரம் கிளிநொச்சியில பள்ளிக்கூடம் பூட்டு, வீட்டில ஒரு போன், அதிலதான் மூண்டு பிள்ளையளுக்கும் சூம் கிளாஸ், இவருக்கும் கூலி வேலை இல்லை. சின்னவன் இரவில எழும்பி என்ர சட்டையைப் பிடிச்சபடி "அம்மா நீங்களும் செத்துப்போவீங்களோ" எண்டு கேப்பான். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் 1926க்கு அடிச்சன், இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின்ர உதவி லைன், 24 மணித்தியாலமும் இருக்கு. தமிழிலயே கதைச்சவ, முதல்ல "நீங்கள் சாப்பிட்டீங்களோ" எண்டு கேட்டா, அதிலயே அழுதிட்டன். பிள்ளைக்கு முன்னால நியூஸ் போடாதேங்கோ, பொய் சொல்லாமல் அவனுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்குப் படுக்க விடுங்கோ எண்டா. ரெண்டு கிழமையில நித்திரை திரும்பிச்சு. அரிசி பருப்புக்கு கிராமசேவகரிட்டத்தான் போகோணும், ஆனா மனசு கஷ்டமெண்டால் யோசிக்காமல் 1926க்கு அடியுங்கோ. பிள்ளையளை ஆரும் துன்புறுத்தினால் 1929க்கு அடியுங்கோ, அது சிறுவர் பாதுகாப்பு லைன்.