எங்கள் கிளை நூலகத்தின் சிறுவர் பகுதி: பீரோவை விட்டு வெளியே வந்த விருது நூல்கள்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டியிருக்கும் எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு 30 வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்த காலத்தில் ட்யூட்டி முடிந்ததும் பேப்பர் பார்க்கப் போவேன். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறுதோறும் பேத்தியையும் பேரனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். பேத்தி நான்காம் வகுப்பு, பேரன் யு.கே.ஜி. ஒரு வருடத்துக்குள் அங்கே சிறுவர் பகுதி அடையாளமே தெரியாமல் மாறிவிட்டது. அதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் பிள்ளைகளுக்கான நல்ல புத்தகங்கள் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு பீரோவில் இருக்கும். சாவி மேஜை டிராயரில். என் மகன் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு புத்தகத்தைக் கேட்டதற்கு, "கிழிச்சிருவான், அங்கேயே இருக்கட்டும்" என்று பதில் வந்தது. அவன் வளர்ந்து வேலைக்கே போய்விட்டான். அந்தப் புத்தகம் கிழியாமல் பீரோவிலேயே இருந்தது.

போன வருடம் மாறுதலில் ஒரு நூலகர் அம்மா வந்தார். வந்த வாரமே பீரோவைத் திறந்து, புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டி, ஒரு தாழ்வான மரத் தட்டில் முன்னட்டை தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்தார். முதுகைக் காட்டி நெருக்கி அடுக்கினால் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை எதைப் பார்த்து எடுக்கும்? இப்போது என் பேரன் உள்ளே நுழைந்ததும் நேராக அந்தத் தட்டுக்குத்தான் போகிறான். படத்தைப் பார்த்துத் தானே ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் வைக்கிறான்.

நவம்பரில் 14 முதல் 20 வரை நூலக வாரம். அதையொட்டி நூலகர் அம்மா, விருது பெற்ற சிறுவர் நூல்களைத் தனியாக ஒரு தட்டில் வைத்தார். சாகித்திய அகாதெமி 2010இலிருந்து சிறுவர் இலக்கியத்துக்கென்று பால சாகித்திய புரஸ்கார் என்ற விருதைத் தருகிறது. 50,000 ரூபாயும் ஒரு செப்புப் பட்டயமும். முதல் வருடம் தமிழில் மா. கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'க்குக் கிடைத்தது. அதிலிருந்து வருடவாரியாக வைத்து, ஒவ்வொன்றின் அட்டையிலும் தங்க நிறத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டி, வருடத்தைப் பெரிதாக எழுதியிருந்தார். எல்லா வருடமும் விருது ஒரே நூலுக்கு என்று இல்லை. சில வருடம் எழுத்தாளரின் மொத்தப் பணிக்காகத் தருகிறார்கள். 2019இல் தேவி நாச்சியப்பனுக்கு அப்படித்தான். அவர் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் மகள் என்பதால், அந்த இடத்தில் அப்பாவின் பாட்டுப் புத்தகத்தையும் நூலகர் அம்மா பக்கத்திலேயே வைத்திருந்தார். 2017க்கு உரியவர் வேலு சரவணன், குழந்தைகள் நாடகக்காரர். அந்த வருடத்துக்குத் தட்டில் புத்தகம் இல்லை. "இதை நடிச்சுத்தான் காட்டணும்" என்று சொல்லி, நூலகர் அம்மா பிள்ளைகளையே ஒரு கதையை நடிக்க வைத்தார். என் பேரன் மரமாக நின்றான். வசனம் கிடையாது, ஆனாலும் இன்றுவரை அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஞாயிறு காலை 10 மணிக்குக் கதை நேரம். போன முறை நான் எண்ணியபோது 23 பிள்ளைகள். தலை எண்ணுவது என் பழக்கம், தப்பாது. அந்த அம்மா புத்தகத்தை விரித்துப் படத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு படிக்கிறார். முக்கியமான கட்டம் வந்ததும் நிறுத்திவிடுவார். மிச்சம் வேண்டுமென்றால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். இரண்டு வாரத்துக்கு இரவல்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். 2020இல் விருது பெற்றது யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. குழந்தைகளுக்கு நேரும் பாலியல் தொல்லையைப் பற்றி, பேசும் மரப்பாச்சி ஒன்றை வைத்துக் குழந்தைகளுக்கே சொல்லும் கதை. அதைத் தட்டில் பார்த்ததும் ஒரு தகப்பனார், "பிள்ளைங்க எடுக்குற இடத்துல இதெல்லாம் எதுக்கு மேடம்?" என்று கோபப்பட்டார். நூலகர் அம்மா புத்தகத்தை எடுத்து உள்ளே வைக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "சார், முதல்ல நீங்க படிங்க. படிச்சுட்டு வந்து சொல்லுங்க, பேசுவோம்" என்று அவர் கையில் கொடுத்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். அவர் திருப்பிக் கொடுத்ததும் அடுத்து நான் வாங்கிப் போய் ஒரே இரவில் படித்து முடித்தேன்.

31 வருடம் பேருந்தில் நின்றவன் நான். காலை 8 மணி டிரிப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நசுங்கிக்கொண்டு வரும். ஒரு பெண் பிள்ளை திடீரென்று இடம் மாறி என் அருகில் வந்து ஒட்டி நின்றால் எனக்குக் காரணம் விளங்கிவிடும். அந்த ஆளை நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறேன், சட்டையைப் பிடித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளையிடம் "உன் மேல தப்பு இல்லம்மா, வீட்டுல சொல்லு" என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மறுநாள் சாயங்காலம் பேத்தியை உட்கார வைத்து அந்தக் கதையை நானே படித்துக் காட்டினேன். அவள் நிறையக் கேட்டாள். சிலதுக்கு நானும் அவள் பாட்டியும் சேர்ந்துதான் பதில் சொன்னோம். கோபப்பட்ட அந்தத் தகப்பனார் இப்போது தன் மகளோடு கதை நேரத்துக்கு வருகிறார், கடைசி வரிசையில் உட்காருகிறார்.

நூலக வாரத்தின் கடைசி நாளில் பிள்ளைகளே விருது கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. பிடித்த புத்தகத்துக்கு முன்னால் இருக்கும் டப்பாவில் போட வேண்டும். தட்டில் இருந்த விருது நூல்களோடு சாதாரண நூல்கள் சிலவற்றையும் போட்டிக்கு வைத்திருந்தார். அதிகக் கொட்டை விழுந்தது விருது எதுவும் வாங்காத, அட்டை நைந்துபோன ஒரு பூனைக் கதைக்கு. அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. அங்கேயே இன்னொரு தங்கத் தாளை வெட்டி, "குழந்தைகள் விருது" என்று எழுதி ஒட்டிவிட்டார். பிள்ளைகள் கத்திய கத்தலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

குறைகளும் இருக்கின்றன. விருது நூல்கள் எல்லாம் ஒரே ஒரு பிரதிதான். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023) கீழடியை ஒட்டிய கதை என்பதால் ஆறாம் வகுப்புப் பையன்கள் நோட்டில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள், என் பேத்தி ஐந்தாவது ஆள். சில வருடத்து நூல்கள் வரவே இல்லை, அந்த இடத்தில் வெறும் அட்டையில் தலைப்பு மட்டும் எழுதி வைத்திருக்கிறார். தட்டில் இருப்பவை பெரும்பாலும் தானாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கானவை. என் பேரன் வயதுக்குப் படக்கதைகள் பத்துப் பன்னிரண்டுதான் தேறும். சிறுவர் பகுதிக்கு ஒரே மின்விசிறி. கழிவறைக்குப் பூட்டு, சாவி கேட்டு வாங்க வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு அது பெரும் அவஸ்தை. ஒரே ஆள் என்பதால் அவர் கூட்டத்துக்குப் போகும் நாளில் கதையும் கிடையாது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தானே கட்டுகிறோம், இதையெல்லாம் கேட்பதில் தவறில்லை. நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கதை நேரத்தில் பிள்ளைகள் உட்காரும் பாய் மூன்றும்கூட வாசகர் வட்டத்துக்காரர்கள் வாங்கிக் கொடுத்தவை.

சுவரில் இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் படம் இருக்கிறது. நூலகங்களுக்காக அவர் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் ஒன்றை, அதன் கீழே நூலகர் அம்மா சாக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறார்: ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர். பேத்தி அதைப் பார்த்து, "அப்போ எனக்குன்னு இருக்குற புத்தகம் எது தாத்தா?" என்று கேட்டாள். நூலகர் அம்மாதான் பதில் சொன்னார்: "அதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கத்தான் கண்ணு எனக்குச் சம்பளம்."

வர நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. ஞாயிறு 10 மணிக்கு முன்னால் வந்தால் பாயில் இடம் கிடைக்கும். பிள்ளையை விட்டுவிட்டுப் போகாமல் கூடவே உட்காருங்கள்.

2025க்கான விருது விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வுக்கு. நூலகத்துக்கு அது வராமலே இருந்தது. மகனிடம் சொல்லி ஒரு பிரதி வாங்கி, போன ஞாயிறு அன்பளிப்பாகக் கொடுத்தேன். நூலகர் அம்மா முத்திரை குத்தி, பதிவு எண் போட்டு, தங்கத் தாளை ஒட்டினார். பசை காயட்டும் என்று மேஜையில் வைத்தார். திரும்பிப் பார்த்தால் புத்தகம் அங்கே இல்லை. ஜன்னலோரம் ஒரு பெண் பிள்ளை குப்புறப் படுத்து இரண்டாம் பக்கத்தில் இருந்தாள்.