கம்பளத்தில் சிந்திய மெழுகுக்கு நீலகிரித் தைலம்: எதுவரை கைகொடுக்கும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கம்பளத்தில் சிந்திய மெழுகை எடுக்க நீலகிரித் தைலம் நல்ல பொருள்தான், ஆனால் அதன் முறை கடைசியில்தான் வர வேண்டும். மெழுகுக் கட்டியின் மேல் நேராக ஊற்றினால் கறை அகலமாகும், தைலமும் வீணாகும். முதலில் சுரண்டல், பிறகு இஸ்திரி. இரண்டும் முடிந்தபின் இழைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பிசுக்கை எடுப்பதற்கு, ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக் கடைகளில் சுலபமாகக் கிடைப்பவற்றில் இதைத்தான் முதலில் பரிந்துரைப்போம்.

சமவெளிக்குச் சொல்லும் வழி மலையில் செல்லாது. அங்கே ஷாம்பு போட்டு அலசி மொட்டை மாடியில் விரித்தால் வெயில் பார்த்துக்கொள்ளும். இங்கே ஜூன் தொடங்கிவிட்டால் நனைந்த கம்பளம் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அடியில் சணல் துணி வைத்த கம்பளம் என்றால், சணலின் பழுப்பு ஈரத்தோடு மேலேறி இழை நுனியில் படியும். பூசண வாடையும் சேர்ந்துகொள்ளும். இத்தனைக்கும் ஷாம்பு மெழுகைக் கரைப்பதில்லை. மெழுகும் தண்ணீரும் சேராது. அதைச் சூட்டால் உருக்க வேண்டும், அல்லது எண்ணெய்த் தன்மையுள்ள கரைப்பானால் கரைக்க வேண்டும். தைலத்தின் பெரும்பகுதியான சினியோல் அப்படிப்பட்ட கரைப்பான். கரைத்த பிறகு பிசுக்கு வைக்காமல் ஆவியாகிவிடுவதுதான் இதை விரும்பக் காரணம்.

எந்தப் பாட்டில் என்பதில் கவனம் வேண்டும். தைல மரத்தின் பச்சை இலையைக் காய்ச்சினால் எடையில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் எண்ணெய் இறங்கும். அதனால் ரொம்ப மலிவாக விற்பதைச் சந்தேகப்படலாம். மினரல் ஆயில் கலந்த தைலத்தை முழங்காலில் தேய்த்தால் வித்தியாசம் தெரியாமல் போகலாம். கம்பளத்தில் போட்டால் எண்ணெய் வட்டம் அப்படியே நின்று, போகப்போகத் தூசியை இழுத்துக் கறுத்துவிடும். வீட்டிலேயே சோதிக்கலாம். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வைத்து, காற்றோட்டமான இடத்தில் மறுநாள் வரை விடுங்கள். நல்ல தைலம் பறந்துவிடும். தாளை ஜன்னலுக்கு எதிரே பிடிக்கும்போது, பஜ்ஜி மடித்த காகிதம் போல அந்த இடம் மினுங்கினால் அந்தப் பாட்டில் இந்த வேலைக்கு ஆகாது. பல வருடமாகத் திறந்து மூடிக் கெட்டிப்பட்ட பழைய தைலமும் ஆகாது. லேபிளில் பெயரைப் பெரிதாகப் போட்டு உள்ளே வேறு எண்ணெய்களையும் கலந்த வலித் தைலங்கள் உண்டு. பொருள் பட்டியலில் யூகலிப்டஸ் எண்ணெய் ஒன்று மட்டுமே இருக்க வேண்டும்.

அடுத்து, கம்பளம் எதனால் ஆனது என்று தெரியாமல் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுக்க வேண்டாம். ஓரத்தில் மறைவான இடத்திலிருந்து நாலைந்து இழையை வெட்டி, ஒரு சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். மேலே வந்து மிதந்தால் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை. கம்பளி, நைலான், பருத்தி மூன்றும் மூழ்கும். மூழ்கிய இழையைத் துடைத்துக் காயவைத்து, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினால் கம்பளி முடி கருகும் நாற்றம் அடித்து, விரலில் பொடியும் சாம்பலாகும். நைலான் உருகிக் கெட்டி மணியாகும். பருத்தி காகிதம் எரிவது போல எரியும். பாலிபுரோப்பிலீன் 165 டிகிரியை ஒட்டி உருகிவிடும், அதற்கு முன்பே இளகிப் படுத்துவிடும். அப்படிப் பளபளத்துப் படுத்த இழையை எதனாலும் நிமிர்த்த முடியாது. அந்த வகைக்கு இஸ்திரி வேண்டாம், ஹேர் டிரையர் போதும். பருத்தியில் நெய்த பவானி ஜமக்காளம் சூட்டை நன்றாகவே தாங்கும். அதில் பயப்பட வேண்டியது சாயத்துக்குத்தான். எதுவானாலும் தைலத்தை முதலில் மறைவான மூலையில் வெள்ளைத் துணியால் ஒற்றி, துணியில் நிறம் இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சுரண்டல் சின்ன வேலைதான், ஆனால் மெழுகில் பெரும்பகுதி இதிலேயே வந்துவிடும். மெழுகு நன்றாக இறுகியிருக்க வேண்டும். உறைபனி இறங்கும் டிசம்பர், ஜனவரியில் காலையில் அதுவே கல்லாகக் கிடக்கும். மற்ற நாளில் ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி 10 நிமிடம் வையுங்கள், தண்ணீர் கசியக் கூடாது. ஸ்பூன் விளிம்பாலோ பழைய ஏடிஎம் அட்டையாலோ வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுரண்டுங்கள். கத்தி வேண்டாம், இழை அறுந்துவிடும். உதிர்ந்த தூளை வாக்குவம் கிளீனரால் எடுத்த பிறகே அடுத்த வேலை. இல்லாவிட்டால் அந்தத் தூள் சூட்டில் உருகிப் புதிய இடத்தில் ஒட்டும்.

இஸ்திரியில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. மெழுகுவர்த்தி மெழுகு 50 முதல் 65 டிகிரிக்குள் உருகிவிடும். இஸ்திரிப் பெட்டியின் திருகில் ஒரு புள்ளி போட்ட இடத்துச் சூடே 110 டிகிரி அளவு, அதற்கு மேல் தேவையே இல்லை. நீராவியை அணைத்துவிடுங்கள். மெழுகின் மேல் இரண்டு மடிப்பு டிஷ்யூ பேப்பர், அதன்மேல் சாயமில்லாத பழைய வேட்டித் துண்டு. நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் பேப்பரும் ஆகும், ஆனால் பிளாஸ்டிக் பூசியது கூடாது, உருகி ஒட்டும். செய்தித்தாள் வேண்டவே வேண்டாம், மை இறங்கிவிடும். பெட்டியை 5 முதல் 10 வினாடி வைத்துத் தூக்குங்கள். துணி தேய்ப்பது போல இழுக்கக் கூடாது: இழுத்தால் உருகிய மெழுகு பக்கவாட்டில் பரவி, ரூபாய் நாணய அளவுக் கறை உள்ளங்கை அளவாகிவிடும். சூட்டை அதிகமாக்கி நீண்ட நேரம் வைத்தால் மெழுகு மேலே வராமல் அடித்துணிக்குள் இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் டிஷ்யூவின் புது இடத்தை வையுங்கள். மெழுகு ஏறிய இடம் ஈரம் பட்டது போல நிறம் மாறித் தெரியும். டிஷ்யூ நிறம் மாறாமல் வந்தால் நிறுத்திவிடலாம்.

இப்போது இழையைத் தடவினால் விறைப்பாக, கொஞ்சம் வழுவழுப்பாக இருக்கும். இதற்குத்தான் தைலம். உள்ளங்கை அளவு இடத்துக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி போதும். கம்பளத்தில் ஊற்றாமல் வெள்ளைத் துணியில் நனைத்து ஓரத்திலிருந்து உள்ளே ஒற்றுங்கள். இரண்டு நிமிடம் விட்டு உலர்ந்த துணியால் அழுத்தி எடுங்கள். கரைந்த மெழுகு அந்தத் துணியில்தான் ஏறுகிறது. துணியை மாற்றாமல் ஒற்றினால் எடுத்ததையே திரும்பத் தடவுகிறோம். ஒன்றிரண்டு முறையில் இழை மிருதுவாகும். ஊறவிடுவது தவறு. கம்பளத்தின் அடியில் இழையைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ரப்பர் பசை. தைலம் அதுவரை இறங்கினால் பசை இளகி இழை கழன்று வரும். கடைசியில் ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, நுரையை மட்டும் எடுத்து ஒற்றி, பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துண்டை மேலே வைத்து அமுக்குங்கள். கம்பளிக்குச் சலவைத்தூள் கூடாது. முட்டை, ரத்தக் கறையைப் போக்க அதில் சேர்க்கும் நொதி கம்பளி இழையையே அரிக்கும்.

சிவப்பு, பச்சை கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தி வேறு விஷயம். சூடு காட்டினால் மெழுகோடு சாயமும் உருகி இழைக்குள் போகும். அவற்றை முடிந்தவரை சுரண்டி, இஸ்திரியைத் தவிர்த்து, தைலத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுப்பது மேல். மெழுகு போன பிறகும் நிறம் நின்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஒற்றிப் பாருங்கள். இந்த இடத்தில் தைலத்துக்கு மதிப்பெண் குறைவுதான். மெழுகை எடுக்கும் அளவுக்கு அது சாயத்தை எடுப்பதில்லை.

தைலத்துக்குப் பதில் மண்ணெண்ணெய் மெழுகைக் கரைக்கும், ஆனால் நாற்றம் லேசில் போகாது. பெயின்ட் தின்னர் ரப்பர் பசையை இன்னும் வேகமாகக் கெடுக்கும். பெட்ரோல் பக்கமே போகக் கூடாது. மினரல் டர்பன்டைன் ஓரளவு ஈடு, ஆனால் வாடை தைலத்தைவிட மோசம். தைல வாசனையும் மூடிய அறையில் இரண்டு மூன்று நாள் நிற்கும், ஆஸ்துமா உள்ள வீட்டில் இதை யோசித்துச் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். தைலத்தின் ஆவி 50 டிகிரிக்கு அருகிலேயே, ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும். மலை வீடுகளில் அதே அறையில் கணப்பு எரியும், கரி அடுப்போ ரூம் ஹீட்டரோ இருக்கும். எல்லாவற்றையும் அணைத்து ஜன்னலைத் திறந்த பிறகே மூடியைத் திறங்கள். தைலம் பட்ட இடத்தில் இஸ்திரியோ டிரையரோ மறுபடி வைக்கவே கூடாது. மெழுகு மிச்சமிருந்தால் தைலத்தாலேயே முடியுங்கள். நனைத்த துணிகளை வெளியே விரித்துக் காயவிடுங்கள். கீழே மரத்தரை என்றால் வார்னிஷ் கெடும், கம்பளத்தைத் தூக்கி அடியில் பழைய துண்டை மடித்து வையுங்கள். சில மில்லி குடித்தாலே குழந்தைக்கு வலிப்பு வரை போகலாம், பூனை நாய்க்கும் ஆகாது.

பட்டுக் கம்பளம், கையால் முடிச்சிட்ட விலையுயர்ந்த கம்பளம் இவற்றில் மெழுகைச் சுரண்டியதோடு நிறுத்தி, உலர் சலவை செய்பவரிடம் கொடுங்கள். தண்ணீர் போடுவாரா, கரைப்பான் போடுவாரா என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். மற்றவற்றுக்கு 100 மில்லி பாட்டில் ஒன்று நீண்ட நாள் வரும். கண்ணாடிப் பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள், மெல்லிய பிளாஸ்டிக் நாளடைவில் இளகும்.