சென்னை–டொராண்டோ 15 மணி நேரம் என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

அப்பா அம்மாவைக் கனடாவுக்கு அழைக்க டிக்கெட் தேடுகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் அம்மாவுக்குச் சென்னையில் ஒரு டிராவல் ஏஜென்சி மூலம் டிக்கெட் எடுத்தோம். "மொத்தம் 15 மணி நேரம்தான், டெல்லியில் ஒரு மாற்றம், பெட்டி நேராக டொராண்டோ வந்துவிடும்" என்றார்கள். தூரம் 13,400 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 15 மணி என்று இணையத்தில் எடுத்த ஒரு படத்தையும் அனுப்பினார்கள்.

அந்தக் கணக்கு நேர்கோட்டுத் தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தது, அவ்வளவுதான். சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானமே கிடையாது.

டிக்கெட்டிலும் அதே 15 வருகிற மாதிரி இருந்ததுதான் கொடுமை. சென்னையில் மாலை 5 மணிக்குக் கிளம்பி, மறுநாள் காலை 8 மணிக்கு டொராண்டோ. ஆனால் டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். கோடையில் டொராண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் பத்தரை. அதையும் கூட்டினால் அம்மாவின் பயணம் இருபத்து நான்கரை மணி நேரம். தினமும் டிக்கெட் விற்கிறவர்களுக்கு இது தெரியாது என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

அதைவிட மோசம், அது ஒரே டிக்கெட் இல்லை. சென்னை–டெல்லி ஒரு பிஎன்ஆர் (முன்பதிவு எண்), டெல்லி–டொராண்டோ வேறு பிஎன்ஆர். கனடா விமானத்தில் 23 கிலோ பெட்டி இரண்டு கொண்டுபோகலாம்; உள்நாட்டு டிக்கெட்டில் 15 கிலோதான். மீதி 31 கிலோவுக்குச் சென்னை கவுண்டரிலேயே தம்பி பணம் கட்டினான். டெல்லியில் இறங்கியது டெர்மினல் 1, அடுத்த விமானம் டெர்மினல் 3. நடந்து போகிற தூரமில்லை, வண்டி பிடித்து ரோட்டில்தான் போக வேண்டும். முதல் டிக்கெட்டுக்கான வீல்சேர் உதவி டெர்மினல் 1 வாசலோடு முடிந்துவிட்டது. முட்டிவலியோடு, இந்தி தெரியாத அம்மா இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு ராத்திரியில் டாக்சி தேடியிருக்கிறார். யாரோ ஒரு தமிழ்க் குடும்பம் கூட வந்து ஏற்றிவிட்டிருக்கிறது, அவர்கள் நன்றாக இருக்கட்டும். முதல் விமானம் மணிக்கணக்கில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டிருந்தால் அந்த டிக்கெட் பணம் முழுக்கப் போயிருக்கும். தனி பிஎன்ஆர் என்றால் அடுத்த நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை.

ஏஜென்சியைக் கேட்டால், "டெல்லியிலிருந்து 15 மணி நேரம்தானே, அதைத்தான் சொன்னோம்" என்கிறார்கள். சர்வீஸ் சார்ஜைக்கூடத் திருப்பித் தரவில்லை.

பணம் கட்டுமுன் ஒரே பிஎன்ஆரா, பெட்டி எதுவரை போகும், எந்த டெர்மினலில் இறங்கி எதில் ஏற வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழித்துப் பாருங்கள். அப்புறம், 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதிலிருந்து மேற்கே போகும் இந்திய நிறுவனங்களின் விமானங்கள் பல சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அதனால் பழைய நேரத்தைச் சொன்னாலும் நம்பாமல் விமான நிறுவனத்தின் தளத்திலேயே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.