வீட்டுக்கே வந்து பிசியோதெரபின்னு 18,000 ரூபா போச்சு, சேலத்துக்காரங்க உஷாரா இருங்க

அப்பாவுக்கு பார்க்கின்சன், உடம்பு விறைச்சு நடையே தடுமாறிப் போற மூளை நரம்பு வியாதி. நாங்க அஸ்தம்பட்டி பக்கம். ஆன்லைன்ல புக் பண்ணா வீட்டுக்கு தெரபிஸ்ட் அனுப்பற ஒரு கம்பெனிகிட்ட 18,000 ரூபாய முழுசா குடுத்துட்டு நிக்கறோம். இன்னைக்கு காலைலயும் போன் பண்ணேன், எடுத்துட்டு கட் பண்றாங்க, வயிறு எரியுதுங்க.

மொத நாள் வந்தவருக்கு உண்மையிலயே வேலை தெரிஞ்சிருந்துச்சு. அப்பா ரூமுக்குள்ள நடப்பார், ஆனா வாசப்படி கிட்ட வந்தா கால் தரையோட ஒட்டிக்கிட்ட மாதிரி அப்படியே நின்னுடும். அந்த தெரபிஸ்ட் தன் பையில இருந்து மஞ்ச டேப் எடுத்து நிலைக்கு முன்னாடி குறுக்கால கோடு கோடா ஒட்டி, "ஐயா, கோட்டைத் தாண்டி வைங்க, ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ண எண்ண அப்பா நிக்காம ஹாலுக்கு வந்துட்டார். அம்மா அழுதே போட்டாங்க. வாரம் 4 நாள், 4 வாரம், கை காலை நல்லா பெருசா வீசி பண்ற பயிற்சின்னு சொன்னார், அங்கயே ஜிபேல 18,000 போட்டுட்டேன்.

அதுக்கப்புறம் அவர் வரவே இல்ல. வேற ஒரு பையன். என்ன படிச்சிருக்கேன்னு கேட்டா "ட்ரெய்னிங் முடிச்சிருக்கேன் சார்". அப்பாவ படுக்க வச்சு தொடையில கரண்ட் பேட ஒட்டிட்டு ஓரமா உக்காந்து ரீல்ஸ் பாக்கறான். மாத்திரை வேலை செஞ்சு உடம்பு இளகி இருக்கற நேரத்துலதான் பயிற்சி பண்ண முடியும், அந்த நேரத்துக்கு வாடான்னா மாத்திரை வேகம் இறங்கி அப்பா விறைச்சுக் கிடக்கறப்ப வருவான். மூளையில உடம்பு அசைவுக்கு வேண்டிய டோபமைன்ங்கற ரசாயனம் குறையற வியாதிங்க இது, தொடைக்கு கரண்ட் குடுத்தா என்ன ஆகும்? எழுப்பி நடக்க வைக்கணும், திரும்ப வைக்கணும், பேலன்ஸ் பழக்கணும், அதுல ஒண்ணு கூட நடக்கல.

ஆபீசுக்கு போன் பண்ணா மேனேஜர் மீட்டிங்ல இருக்கார், மெயில் போடுங்க, அப்புறம் பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாது. கடைசியா போன் எடுத்த பொண்ணு "உங்க அப்பா கோஆபரேட் பண்ணலன்னு ரிப்போர்ட்ல இருக்கு"ங்குது. 18,000 போனத விட இதுதாங்க தாங்க முடியல.

என்ன பாக்கணும்னு விரிவா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப முடியல. வர்றவங்க பிபிடி, அதாவது பிசியோதெரபி டிகிரி, படிச்சவங்களான்னு சர்டிபிகேட் கேளுங்க. மொத்தமா குடுக்காதீங்க, வந்து பண்ணி முடிச்சப்புறம் அன்னன்னைக்கு குடுங்க. 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி இலவசமா பண்றாங்க, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல மொதல்ல விசாரிங்க. அந்தப் பையன் மாத்திரைய நிறுத்திப் பாக்கலாம்னு வேற சொன்னான், பார்க்கின்சனுக்கு குடுக்கற லெவோடோபா மாத்திரைய திடீர்னு நிறுத்தினா உசுருக்கே ஆபத்து, டாக்டரக் கேக்காம ஒரு வேளை மாத்திரை கூட மாத்தாதீங்க.