தம்பியின் படத்தைப் பெருப்பித்துத் தந்த கடை

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய நாள் முதல், அம்மா தம்பியின் படத்தோடுதான் போய்வருகிறார். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்த பின் அவனைக் காணவில்லை. எங்களிடம் மிஞ்சியது பாடசாலை அடையாள அட்டையில் இருந்த சின்னப் படம் மட்டும்தான். விசாரணை என்று கூப்பிட்ட இடமெல்லாம் அதைத்தான் நீட்டினோம்.

முன்பு வேறொரு கடையில் பெருப்பித்தபோது முகத்தை மினுக்கி, யாரோ ஒரு பிள்ளையாக்கித் தந்தார்கள். ஒரு மழைக்கே உள்ளே தண்ணீர் போய்விட்டது.

இந்த முறை டவுனில் உள்ள சிறிய ஸ்டூடியோவுக்குப் போனோம். பாடசாலை அதிபரின் முத்திரை கழுத்தருகே வளைவாக விழுந்திருந்தது. கடைக்காரர் அதை அழித்துவிட்டு, இடது புருவத்தைக் காட்டி, "அக்கா, இது தழும்பா, படத்தில் விழுந்த கீறலா?" என்று கேட்டார். மாமரத்திலிருந்து விழுந்த காயம் என்றேன். அப்படியே விட்டார். மாலை, விளக்கு, கறுப்புக் கரை எதுவும் வைக்கவில்லை. நாங்கள் சொல்லத் தேவையே இருக்கவில்லை. பெயருக்குக் கீழே "எங்கே?" என்று மட்டும் அச்சிட்டார்.

வெயிலில் மினுங்காத லமினேற். ஓரத்தில் அரை அங்குலம் விட்டு வெட்டியிருப்பதால் தண்ணீர் புகாது. ஒரு நாளில் தருவதாகச் சொல்லி மூன்று நாள் எடுத்ததுதான் குறை. ஓகஸ்ட் 30, சர்வதேச காணாமலாக்கப்பட்டோர் தின ஊர்வலத்துக்கு முதல் நாள் மாலைதான் கைக்கு வந்தது.

அம்மா படத்தை வாங்கியதும் சேலைத் தலைப்பால் துடைத்து, தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். "இவன்தான்" என்றார்.